கோரேபானி – பூன் ஹில் மலைநடை

கோரேபானி – பூன் ஹில் மலைநடை என்பது நேபாளத்தின் கண்டகி மாநிலத்தில், அன்னபூர்ணா மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்த நடைவழியாகும். பொக்காரா நகருக்கு மேற்கே உள்ள நயாபுல்லில் தொடங்கி, உல்லேரி, கோரேபானி, தாடாபானி, காந்த்ருக் ஆகிய ஊர்களைச் சுற்றி மீண்டும் நயாபுல் அருகே முடிகிறது. வழியின் மிக உயர்ந்த இடம் 3,210 மீட்டர் உயரமுள்ள பூன் ஹில் குன்று. பனிப்பாறைகளோ கயிறு கட்டி ஏற வேண்டிய சரிவுகளோ இதில் இல்லை. ஒவ்வொரு சில மணி நேர நடைக்கும் ஓர் ஊரும் தங்கும் விடுதியும் உண்டு. இதனால் இமயமலையில் குழந்தைகளுடன் செல்லும் குடும்பங்கள் அதிகம் தேர்ந்தெடுக்கும் வழிகளுள் இதுவும் ஒன்று.

எளிய வழி என்று பெயர் பெற்றிருந்தாலும், இதில் கவனிக்க வேண்டிய ஓர் அபாயம் உண்டு. அது பள்ளத்தைவிட உயரம் ஏறும் வேகத்தைச் சார்ந்தது. ஒரு குடும்பம் இவ்வழியை எத்தனை நாட்களில் கடக்கிறது என்பதே அப்பயணம் நலமாக முடிவதைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

பெயரும் பின்னணியும்

நேபாளி மொழியில் 'கோரா' என்றால் குதிரை, 'பானி' என்றால் தண்ணீர். பொக்காராவிலிருந்து காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே சென்ற வணிகர்களின் குதிரைகள் தண்ணீர் குடித்து இளைப்பாறிய இடமே கோரேபானி. திபெத்திலிருந்து உப்பும், தெற்கிலிருந்து தானியமும் இப்பள்ளத்தாக்கின் வழியே கைமாறின. இவ்வணிகத்தில் தக்காலி இன மக்கள் முதன்மையான பங்கு வகித்தனர். அடுத்த ஊரான தாடாபானியின் பெயருக்குத் தொலைவில் உள்ள தண்ணீர் என்று பொருள் கூறப்படுகிறது. 'பூன்' என்பது இப்பகுதியில் வாழும் மகர் இனத்தின் ஒரு குலப் பெயர்.

இதே பழைய வழி முக்திநாத்துக்குச் செல்லும் யாத்திரை வழியாகவும் இருந்தது. வைணவர்களின் 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம் முக்திநாத்தோடு இணைத்துப் போற்றப்படுவதால், தமிழ்நாட்டிலிருந்தும் பலர் அங்கு செல்கின்றனர். சாளக்கிராமக் கற்கள் கிடைக்கும் காளி கண்டகி ஆறு பூன் ஹில்லுக்கு மேற்கே ஓடுகிறது. சாலையும் விமானமும் வருவதற்கு முன், பொக்காராவிலிருந்து நடந்து சென்ற யாத்திரிகர்கள் கோரேபானியைக் கடந்தே முக்திநாத்தை அடைந்தனர்.

நேபாளம் 1950 வரை வெளிநாட்டவருக்கு ஏறக்குறைய மூடப்பட்ட நாடாக இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 3 அன்று பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த மோரிஸ் எர்சோக், லூயி லாஷனால் ஆகிய இருவரும் அன்னபூர்ணாவின் முதன்மைச் சிகரத்தை அடைந்தனர். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதர் ஏறியது அதுவே முதல் முறை. சிகரம் ஏறாமல், ஊர்களின் வழியே நடந்து மலைகளைப் பார்ப்பதற்கென்றே பயணிகளை அழைத்துச் செல்லும் தொழிலைத் தொடங்கியவர் பிரித்தானியப் படையின் கூர்க்கா பிரிவில் அதிகாரியாக இருந்த ஜிம்மி ராபர்ட்ஸ். அவர் 1964-இல் காட்மாண்டுவில் இதற்கான முதல் நிறுவனத்தைத் தொடங்கினார். நேபாள மலைநடையின் தந்தை என்று அவர் அழைக்கப்படுகிறார்.

வழியின் அமைப்பு

உடல் வலுவுள்ள இளைஞர்கள் இந்தச் சுற்றை நான்கு அல்லது ஐந்து நாட்களில் முடிப்பர். குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்கு ஆறு அல்லது ஏழு நாட்கள் தேவை. அவ்வாறு நிதானமாகச் செல்லும் பயணத்தின் அமைப்பு பின்வருமாறு இருக்கும். உயரங்கள் அனைத்தும் தோராயமானவை.

முதல் நாள்: பொக்காராவிலிருந்து (820 மீ) வண்டியில் நயாபுல் (1,070 மீ), அங்கிருந்து நடந்து திக்கேதுங்கா (1,500 மீ).
இரண்டாம் நாள்: கல் படிகளில் ஏறி உல்லேரி (2,000 மீ).
மூன்றாம் நாள்: காட்டு வழியாகக் கோரேபானி (2,860 மீ).
நான்காம் நாள்: பூன் ஹில் (3,210 மீ) ஏறித் திரும்பிக் கோரேபானியில் ஓய்வு.
ஐந்தாம் நாள்: தாடாபானி (2,630 மீ).
ஆறாம் நாள்: இறக்கத்தில் காந்த்ருக் (2,000 மீ).
ஏழாம் நாள்: கீழிறங்கி வண்டியில் பொக்காரா.

இரண்டாம் நாளே மிகக் கடினமானது. திக்கேதுங்காவிலிருந்து உல்லேரிக்கு 3,000-க்கும் மேற்பட்ட கல் படிகள் உள்ளன. அவை ஒரே அளவில் இல்லாததால், பெரியவர்களின் ஓர் அடி சிறுவர்களுக்கு இரண்டு அடியாகிறது. ஆனாலும் இந்தப் படிகள் சுற்றுலாவுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. ஊர் மக்கள் அன்றாடம் அரிசி, சமையல் எரிவாயு உருளை, கட்டுமானப் பொருள் எல்லாவற்றையும் சுமந்து நடந்த வழி இது.

கோரேபானிக்கும் தாடாபானிக்கும் இடையே வழி 3,000 மீட்டரை மீண்டும் தொட்டுப் பிறகு இறங்குகிறது. இருபுறமும் அடர்ந்து நிற்பவை நேபாளத்தின் தேசிய மலரான 'லாலி குராஸ்' மரங்கள். தமிழ்நாட்டில் நீலகிரியின் உயரமான பகுதிகளில் காணப்படும் காட்டுப் பூவரசு இவற்றுக்கு நெருங்கிய உறவுடையது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் காடு முழுவதும் சிவப்பாகப் பூக்கும். மந்திக் குரங்குகளை இங்கு எளிதாகக் காணலாம்.

பூன் ஹில்லில் காணப்படுபவை

கோரேபானியில் தங்கும் பயணிகள் விடியலுக்கு முன் கைவிளக்குடன் புறப்பட்டு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் குன்றின் உச்சியை அடைவர். அங்கு ஒரு பார்வைக் கோபுரமும் தேநீர்க் கடையும் உள்ளன. மேற்குப் பக்கம் உலகின் ஏழாவது உயரமான சிகரமான தவளகிரி (8,167 மீ) தெரிகிறது. வடக்கிலும் கிழக்கிலும் அன்னபூர்ணா முதன்மைச் சிகரம் (8,091 மீ), தென் அன்னபூர்ணா (7,219 மீ), ஹியுஞ்சுலி (6,441 மீ), மச்சபுச்சரே (6,993 மீ) ஆகியவை வரிசையாக நிற்கின்றன. தவளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே காளி கண்டகி ஆறு உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளுள் ஒன்றை அறுத்துச் செல்கிறது.

மச்சபுச்சரே என்பதற்கு மீன் வால் என்று பொருள். அதன் இரட்டை உச்சி அவ்வடிவில் இருப்பதால் இப்பெயர். சிவபெருமானின் உறைவிடமாக மதிக்கப்படும் இச்சிகரத்தில் ஏற அனுமதி இல்லை. 1957-இல் ஜிம்மி ராபர்ட்ஸ் தலைமையில் சென்ற குழுவினர், உச்சிக்குச் சற்றுக் கீழே வரை ஏறிவிட்டுத் திரும்பினர்.

விடியற்காலை ஏற்றம் எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதன்று. வெறும் வயிறு, உறைய வைக்கும் குளிர், உச்சியில் அசையாமல் நிற்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து அவர்களைச் சோர்வடையச் செய்யும். தவளகிரியும் தென் அன்னபூர்ணாவும் கோரேபானி ஊரின் மேட்டுப் பகுதியிலிருந்தே நன்றாகத் தெரியும். வானம் தெளிவாக உள்ள நாளில், காலை உணவுக்குப் பின் வெயிலில் குன்றேறினாலும் அதே சிகரங்களைப் பார்க்கலாம்.

உயரமும் குழந்தைகளின் உடலும்

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை. ஆனால் காற்றே மெலிந்து விடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கோரேபானியின் உயரத்தில் அது கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடு மட்டுமே. உடல் இதை ஈடுகட்ட வேகமாக மூச்சு விடுகிறது; இதயம் விரைந்து துடிக்கிறது. இந்தப் பழக்கப்படுதலுக்குச் சில நாட்கள் தேவை. அதற்கு நேரம் தராமல் ஏறினால் உயர நோய் வரலாம். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் இது தொடங்குகிறது. உடல் வலிமைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. நன்கு ஓடியாடும் சிறுவனுக்கும் வரும், மூச்சு வாங்கி நடக்கும் பாட்டிக்கு வராமலும் போகும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, தூக்கமின்மை ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். பெரியவர்கள் இவற்றைச் சொல்லி விடுவார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கோ சொல்லத் தெரியாது. பேசத் தெரிந்த குழந்தையும் "தலை வலிக்கிறது" என்று சொல்லாமல் சிணுங்கும்; விருப்பமான உணவையும் ஒதுக்கும்; விளையாட்டில் நாட்டம் இழக்கும்; இரவில் அடிக்கடி விழித்து அழும். வீட்டில் இவை சாதாரண அடமாகத் தோன்றும். 2,500 மீட்டருக்கு மேல் இவற்றுக்கு வேறு காரணம் உறுதியாகத் தெரியும் வரை, உயர நோய் என்றே கொள்ள வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

இதைத் தொடர்ந்து மேலும் இரண்டு விதிகள் உள்ளன. அறிகுறி உள்ளவர் அது நீங்கும் வரை மேலும் உயரத்தில் சென்று தூங்கக் கூடாது. அறிகுறி மோசமானால், இரவானாலும் கீழிறங்க வேண்டும். நடை தள்ளாடுவதும் பேச்சில் குழப்பம் உண்டாவதும் மூளையில் நீர் கோத்ததன் அடையாளம். ஓய்விலும் மூச்சுத் திணறுவதும் விடாத இருமலும் நுரையீரலில் நீர் கோத்ததன் அடையாளம். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. விடுதிகளில் தரப்படும் பூண்டுக் கஞ்சி உடலுக்கு இதமானது, ஆனால் உயர நோய்க்கு மருந்தல்ல. மாத்திரைகளை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது.

பூன் ஹில் வழியில் கடுமையான உயர நோய் அரிது. பயணிகள் தூங்கும் மிக உயர்ந்த இடம் 3,000 மீட்டருக்குக் கீழே உள்ளது. அதற்கு மேல் செல்வது சில மணி நேரமே. ஒவ்வொரு ஊரிலிருந்தும் சில மணி நேரத்தில் பல நூறு மீட்டர் இறங்கிவிடலாம். குடும்பங்களுக்கு இது ஏற்ற வழியாவதற்குக் காட்சிகளைக் காட்டிலும் முதன்மையான காரணம் இதுதான்.

வழியில் கவனிக்க வேண்டியவை

சிறு குழந்தைகளை முதுகில் சுமந்து செல்வது வழக்கம். சில குடும்பங்கள் இதற்கெனச் சுமையாளர் ஒருவரை அமர்த்திக்கொள்கின்றன. இப்பகுதி மக்கள் 'தோகோ' என்னும் கூம்பு வடிவ மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையால் தாங்கிச் சுமப்பர். சுமப்பவர் நடப்பதால் அவருக்கு வியர்க்கும். சுமக்கப்படும் குழந்தையோ அசையாமல் இருப்பதால் குளிரில் விறைத்துவிடும். எனவே மணிக்கு ஒருமுறையாவது இறக்கி, கை கால்களைத் தொட்டுப் பார்த்து, சிறிது நடக்க விட வேண்டும். சுமையாளரும் குளிருக்கு விலக்கானவர் அல்லர். அவருக்குத் தகுந்த உடையும் காலணியும் உள்ளனவா, சுமை அளவோடு உள்ளதா என்று பார்ப்பது அவரை அமர்த்துபவரின் பொறுப்பு.

கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுமையுடன் வரிசையாக எதிரே வரும். மணியோசை கேட்டதும் மலைச்சுவரை ஒட்டிய பக்கம் ஒதுங்க வேண்டும். பள்ளத்தை ஒட்டி நிற்பவரை விலங்கின் பக்கவாட்டுச் சுமை தள்ளிவிடக்கூடும். தொங்கு பாலத்தில் அவை ஏறிவிட்டால், கடந்து முடிக்கும் வரை கரையில் காத்திருப்பதே முறை.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை படிகள் வழுக்கும், அட்டைகள் மிகுதி, சிகரங்கள் மேகத்துள் மறைந்திருக்கும். நல்ல பருவத்திலும் வானிலை மாறும். 2014 அக்டோபரில் ஆந்திரக் கடற்கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம் இமயமலையை அடைந்து கடும் பனிப்புயலாக மாறியது. அன்னபூர்ணா பெருஞ்சுற்று வழியில் 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் கணவாய்ப் பகுதியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூன் ஹில் அத்தகைய உயரத்தில் இல்லை. ஆயினும் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக வைத்திருக்கும் குடும்பத்துக்கே, மோசமான வானிலையில் விடுதியில் காத்திருக்க மனம் வரும்.

உணவுக்கு 'தால் பாத்' எனப்படும் பருப்புச் சோறு எங்கும் கிடைக்கும். சோறும் பருப்பும் மறுமுறை கேட்டாலும் பரிமாறப்படும். கொதிக்க வைத்த அல்லது சுத்திகரித்த நீரையே குடிக்க வேண்டும். இந்தியக் குடிமக்கள் நேபாளம் செல்ல விசா தேவையில்லை. கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ போதும். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழையத் தனி அனுமதிச் சீட்டு பெற வேண்டும்.

ஊர்களும் பாதுகாப்புப் பகுதியும்

இவ்வழியின் ஊர்களில் குருங், மகர் இன மக்கள் மிகுதி. இரு இனத்தாரும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்தானிய, இந்தியக் கூர்க்கா படைகளில் சேர்ந்தவர்கள். கற்பலகைக் கூரை வேய்ந்த வீடுகளும் படிக்கட்டு வயல்களும் கொண்ட காந்த்ருக், குருங் மக்களின் பெரிய ஊர்களுள் ஒன்று. தென் அன்னபூர்ணாவும் மச்சபுச்சரேவும் இங்கு மிக அருகில் தெரிகின்றன. குருங் மக்களின் பழைய பாத்திரங்களும் கருவிகளும் வைக்கப்பட்ட அருங்காட்சியகமும் உண்டு.

பயணிகள் பெருகியபோது, சமையலுக்கும் குளிக்க வெந்நீருக்கும் காடுகள் வெட்டப்பட்டன. இதைத் தடுக்க 1986-இல் காந்த்ருக்கை மையமாகக் கொண்டு அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் தொடங்கப்பட்டது. 7,629 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இதுவே நேபாளத்தின் மிகப் பெரிய பாதுகாப்புப் பகுதி. மக்களை வெளியேற்றாமல், ஊர்க் குழுக்களின் வழியாகவே காட்டையும் சுற்றுலாவையும் நிர்வகிப்பது இதன் சிறப்பு. பயணிகள் செலுத்தும் நுழைவுக் கட்டணம் இப்பணிகளுக்குச் செலவிடப்படுகிறது. விறகுக்கு மாற்றாக எரிவாயுவும் சூரிய ஒளி வெந்நீர்க் கலன்களும் விடுதிகளில் பரவின.

சுற்றிப் பார்க்கும் இடங்கள்

நடை முடிந்தபின் பொக்காராவில் இரண்டு நாள் தங்குவது களைப்பைப் போக்கும். பேவா ஏரியில் படகில் சென்று, அதன் நடுவே தீவில் உள்ள பராகி கோவிலை வழிபடலாம். பன்னாட்டு மலை அருங்காட்சியகம், சிகரம் ஏறிய வரலாற்றையும் மலைமக்களின் வாழ்வையும் காட்டுகிறது. நடந்து வந்த குழந்தைகளுக்குத் தாங்கள் கண்ட சிகரங்களின் பெயர்கள் அங்கு மனத்தில் பதியும்.

காட்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு நினைவுச்சின்னத் தொகுதிகள் 1979 முதல் உலகப் பாரம்பரியக் களமாக உள்ளன. பசுபதிநாத் கோவில், பௌத்தநாத், சுவயம்புநாத் தூபிகள், பாட்டன், பக்தபூர் அரண்மனைச் சதுக்கங்கள் இவற்றுள் அடங்கும். 2015 ஏப்ரல் 25 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் இவற்றில் பல சேதமடைந்து, பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டன. தெற்கே தராய்ச் சமவெளியில் உள்ள சித்வான், 1973-இல் அமைந்த நேபாளத்தின் முதல் தேசியப் பூங்கா. ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகங்களுக்குப் பெயர் பெற்றது.

சாலைகள் கொண்டுவந்த மாற்றம்

முன்பு நயாபுல்லில் இறங்கியவுடன் நடை தொடங்கியது. இப்போது ஒருபுறம் உல்லேரி வரையும், மறுபுறம் காந்த்ருக்கின் அருகு வரையும் ஜீப் செல்கிறது. ஊர் மக்களுக்கு இது பெரும் விடுதலை. நோயாளியை முதுகில் சுமந்து படியிறங்க வேண்டியதில்லை. உப்பும் அரிசியும் குறைந்த விலைக்கு வருகின்றன. அதே நேரத்தில், பயணிகள் வண்டியிலேயே கடந்து செல்வதால், அடிவார ஊர்களின் விடுதிகள் வருவாயை இழந்து வருகின்றன.

பயணிகளுக்கும் இதில் ஒரு மறைவான விலை உண்டு. படிகளைத் தவிர்க்கக் காலையில் பொக்காராவிலிருந்து ஜீப்பில் உல்லேரி சென்று, அன்று மாலையே கோரேபானியை அடைபவர்கள் ஒரே நாளில் 2,000 மீட்டர் உயர்ந்துவிடுகின்றனர். முன்பு அதே உயரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் ஆயின. கால்கள் வலித்த அந்த நாட்களில்தான் உடல் மெலிந்த காற்றுக்குப் பழகியது. சாலை கால்களின் உழைப்பைக் குறைத்தது. நுரையீரலுக்குத் தேவையான நாட்களைக் குறைக்கவில்லை. ஜீப்பில் செல்லும் குடும்பம் அன்றிரவு உல்லேரியிலேயே தங்கினால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

முக்திநாத் செல்பவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். பொக்காராவிலிருந்து விமானத்தில் அரை மணி நேரத்துக்குள் 2,700 மீட்டர் உயரமுள்ள ஜோம்சோமில் இறங்கி, அன்றே ஜீப்பில் 3,700 மீட்டருக்கு மேல் உள்ள கோவிலை அடைகின்றனர். தரிசனம் முடித்து அன்றே கீழிறங்குபவர்களில் பெரும்பாலோர் தப்பிவிடுகின்றனர். மேலே இரவு தங்கும் முதியவர்களுக்கும் இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இடர் மிகுதி. ஜோம்சோமிலோ அதற்குக் கீழே உள்ள ஊர் ஒன்றிலோ ஓரிரவு தங்கிய பின் மேலே செல்வதே பாதுகாப்பானது. குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய காலத்தில் யாத்திரிகர்கள் வேறு வழியின்றிச் செய்த தாமதத்தை, இன்றைய பயணிகள் தாங்களாகவே திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.